திண்டோரி ஷிராஸும் கம்பத்து மாப்பிள்ளையும்

புதன் இரவு, நாசிக் ரோடு

கல்யாணில் வண்டி மாறி, மதியத்துக்கு மேல் கசாரா வந்தோம். அங்கே ரயிலின் பின்புறம் கூடுதல் என்ஜின்களைப் பூட்டினார்கள். முன்னால் இருப்பது இழுக்க, பின்னால் இருப்பவை தள்ள, சுரங்கத்துக்குள் நுழைந்து நுழைந்து இகத்புரிக்கு ஏறியதும் காற்றே மாறிவிட்டது. கொங்கணக் கரையின் பிசுபிசுப்பு மலைக்குக் கீழேயே நின்றுவிட்டது. பிப்ரவரி மாதம். பகலில் வெயில் உறைக்கிறது, இருட்டியதும் போர்வையைத் தேட வேண்டியிருக்கிறது. பகலுக்கும் இரவுக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை நம்பித்தான் இந்தப் பீடபூமியில் ஒயின் தொழில் நடக்கிறது. பழத்தில் சர்க்கரை ஏற வெயில் வேண்டும். ஏறிய பிறகும் புளிப்பு தங்கியிருக்க இரவுக் குளிர் வேண்டும்.

கூட வந்திருப்பவன் என் மனைவியின் தம்பி. கம்பத்துக்காரன், கல்தூண் பந்தலில் பன்னீர் திராட்சை போட்டிருக்கிறான். மதுவைத் தொடமாட்டான். ஒயினுக்கென்றே வளர்க்கிற கொடியை ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும் என்று கிளம்பி வந்துவிட்டான். எனக்கு வேறு வேலை. இந்த நாட்டில் விளைந்து இங்கேயே புளிக்கவைத்த சிவப்பு ஒயின் ஒன்றை எடுத்து, அவசரப்படாமல், வெவ்வேறு வேளைகளில் ருசி பார்த்து, அது எப்படிப்பட்டது என்று எழுத வேண்டும்.

நம்மவர்கள் இந்திய ஒயினைப் பற்றிப் பேசுகிற விதம் எனக்குப் பிடிப்பதில்லை. ஒரு கூட்டம் பாட்டிலைத் திறக்கும் முன்பே உதட்டைப் பிதுக்கும். இன்னொரு கூட்டம் நம் நாட்டில் செய்தது என்பதற்காகவே புகழ்ந்து தள்ளும். கோப்பைக்குள் இருப்பதை இரு தரப்பும் பார்ப்பதில்லை. உதடு பிதுக்குகிறவர்களிடம் கொஞ்சம் நியாயமும் உண்டு. அவர்களில் பலர் குடித்துப் பழகியது சர்க்கரை தூக்கலான போர்ட் வகை. பெங்களூர் நீலத் திராட்சை போன்ற சாதாரணப் பழத்தில் செய்வது; அதன் வாசனை இருமல் மருந்தை விட்டு அதிக தூரம் போகாது. நான் தேடி வந்திருப்பது இனிப்பில்லாத ரகம்.

வியாழன், கங்காபூர் அணைப் பக்கம்

மாப்பிள்ளை விடிவதற்குள் எழுந்து, ராமகுண்டத்தில் கோதாவரி நீராடிவிட்டு த்ரியம்பகேஸ்வரருக்குப் போய்விட்டான். நான் ஆட்டோ பிடித்து அணைப் பக்கம் வந்தேன். கும்பமேளா நடக்கிற ஊரும் இந்தியாவின் ஒயின் தலைநகர் என்று பெயர் வாங்கிய ஊரும் ஒன்றாக இருப்பதில் நாசிக்காரர்களுக்கு எந்தச் சங்கடமும் இருப்பதாகத் தெரியவில்லை. அரசியலமைப்பின் 47-ஆவது பிரிவு மதுவிலக்கை நோக்கி நடக்கும்படி அரசுக்குச் சொல்கிறது. மகாராஷ்டிர அரசோ 2001-இல் திராட்சை ஒயினுக்கென்று தனிக் கொள்கை வகுத்து வரிச்சலுகை கொடுத்தது. அதற்குப் பிறகுதான் இங்கே ஆலைகள் பெருகின.

அதற்கு முன்பே சிலர் துணிந்திருந்தார்கள். 1980-களில் புனே மாவட்டம் நாராயண்காவில் இந்தேஜ் நிறுவனம் நுரைக்கும் ஒயின் செய்தது. கன்வல் குரோவர் 1988-இல் பெங்களூருக்கு அருகே நந்தி மலையடிவாரத்தில் பிரெஞ்சு ரகங்களை வைத்துத் தொழில் தொடங்கினார். நாசிக்கில் ராஜீவ் சமந்த் தன் குடும்ப நிலத்தில் தொடங்கிய சூலாவின் முதல் ஒயின் 2000-இல் வெளிவந்தது. சாப்பிடும் திராட்சைக்குப் பெயர்போன மாவட்டம் மதுத் திராட்சைக்கு இடம்விட்டது அந்தக் காலத்தில்தான்.

நான் ருசி பார்க்க உட்கார்ந்த கூடத்தின் பெயரை எழுதப் போவதில்லை. குறை சொல்லப் போகிறேன்.

மதியம் ஒரு மணி. திறந்தவெளி மேடை, எதிரே அணை நீர், எல்லாம் அழகு. ஆனால் சிவப்பு ஒயினை வெயில் பட்ட மேசையிலிருந்து அப்படியே எடுத்து ஊற்றினார்கள். கேட்டால் சிவப்பை அறை வெப்பத்தில்தான் தர வேண்டும் என்கிறார் பரிமாறும் இளைஞர். அந்த விதியை எழுதியவர்களின் அறை குளிர்தேசத்துக் கல்வீடு. அங்கே அது பதினாறு, பதினெட்டு டிகிரி. இங்கே என் கோப்பை முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சூட்டில் சாராய நெடிதான் முதலில் மூக்கில் ஏறும். பழவாசனை வேகவைத்த ஜாம் போலக் குழைந்துவிடும். ஐஸ் வாளி கேட்டேன். இளைஞர் என்னை இரக்கத்துடன் பார்த்தார். கால் மணி நேரம் கழித்து அதே பாட்டிலிலிருந்து அதே கோப்பையில் ஊற்றியபோது நெடி அடங்கி, உள்ளே இருந்த பழம் வெளியே வந்தது. இந்திய ஒயினைப் பற்றிச் சொல்லப்படும் வசைகளில் பாதியை இந்த ஐஸ் வாளியிலேயே கழுவிவிடலாம். மீதிப் பாதியில் உண்மை இருக்கிறது.

உதாரணம் அடுத்து வந்த காபர்னே சாவின்யோன் என்ற சிவப்பு ரகம். மூக்கருகே கொண்டுபோனதுமே நறுக்கிய குடைமிளகாய். இந்த ரகத்தின் பழத்தில் இயற்கையாகவே உள்ள பைரசின் என்ற வேதிப்பொருளின் வாசனை அது. மிகச் சிறிய அளவே போதும், தெரிந்துவிடும். பழம் முதிர முதிரக் குறையும், வெயில் பட்டால் குறையும். லேசாக இருந்தால் அழகு. இதில் லேசாக இல்லை. வாயில் வைத்தால் துவர்ப்பு ஈறுகளைப் பிடித்து இழுத்தது. நடுவில் ஒன்றுமில்லாத வெறுமை. துப்பிவிட்டேன். துப்புவதற்கென்றே மேசையில் ஒரு பாத்திரம் வைக்கிறார்கள், தாத்தா காலத்துத் தாம்பூலப் படிக்கம் போல. துப்பாமல் இந்த வேலையைச் செய்ய முடியாது. நான்காவது கோப்பையில் எல்லாமே அமிர்தமாகிவிடும்.

பிறகு வந்தது ஷிராஸ், இன்னொரு சிவப்பு ரகம். நாசிக் மாவட்டத்துத் திண்டோரிப் பழம், ஓக் மரப் பீப்பாயில் ஊறியது, சாராயம் 13.5 சதவீதம் என்கிறது லேபிள். வெள்ளைத் தாள் ஒன்றின் மேல் கோப்பையைச் சாய்த்துப் பார்த்தேன். நடுவில் கருஞ்சிவப்பு, தாளில் உள்ள எழுத்து தெரியவில்லை. விளிம்பில் இன்னும் ஊதா இருக்கிறது. வயதாக ஆக அந்த விளிம்புதான் முதலில் செங்கல் நிறத்துக்குப் போகும். ஆகவே இளசு. சுழற்றாமல் முகர்ந்தபோது வெனிலாவும் புகையும், அதாவது பீப்பாய். சுழற்றியதும் அதன் பின்னால் நாவல்பழம், கொஞ்சம் கிராம்பு. வாயில் முதலில் பழம், பிறகு நாவல் தின்ற நாக்குக்கு நன்கு தெரிந்த துவர்ப்பு, கடைசியில் தனியாக ஒரு புளிப்பு. இந்தக் கடைசிப் புளிப்பைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

இதுதான் எனக்கான பாட்டில் என்று முடிவு செய்து ஒன்று வாங்கினேன். ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். தயாரிப்பாளர் பெயரும் வேண்டாம், நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண்ணும் வேண்டாம். அடுத்த ஆண்டுப் பழம் வேறு, அப்போது என் வார்த்தை செல்லாது. ஆண்டு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். லேபிளில் உள்ள ஆண்டு பழம் பறித்த ஆண்டு. இங்கே ஜனவரி முதல் மார்ச் வரை பறிக்கிறார்கள், பிரான்சில் செப்டம்பர் வாக்கில். ஒரே ஆண்டு எண் போட்ட இரண்டு பாட்டில்களில் நாசிக் பாட்டிலுக்கு ஏறக்குறைய அரை வயது கூடுதல்.

அறைக்கு வந்து மறுபடி ஒரு சிறு கோப்பை. இரவுக் குளிரில் வெனிலா இன்னும் தூக்கலாகத் தெரிகிறது. மூடி, குளிர்பெட்டியில் வைத்துவிட்டேன். நாளை பார்க்கலாம்.

வெள்ளி, திண்டோரி

இன்று என் நாக்குக்கு வேலை குறைவு. மாப்பிள்ளையின் கண்ணுக்குத்தான் வேலை.

ஆலைக்கு ஒப்பந்தத்தில் பழம் கொடுக்கும் ஒரு விவசாயியின் தோட்டம். அவருக்குத் தமிழ் தெரியாது, மாப்பிள்ளைக்கு மராத்தி தெரியாது. உடைந்த இந்தியும் கத்தரிக்கோல் பிடிக்கிற கை ஜாடையுமாக இருவரும் பேசிக்கொண்டதில் பாதி எனக்கே புரியவில்லை, அவர்களுக்கு முழுவதும் புரிந்தது. நிலத்தின் பெரும்பகுதி தாம்சன் விதையில்லாத் திராட்சை. ஒரு ஓரமாக ஷிராஸ்.

"பந்தலே இல்லையா மச்சான்?" என்பதுதான் அவனுடைய முதல் கேள்வி. கம்பத்தில் கொடி தலைக்கு மேலே படரும், கொத்துகள் நிழலில் தொங்கும். இங்கே கம்பிகளில் நேர்ச்சுவர் போலக் கொடியை ஏற்றி, கொத்துகளை இடுப்பளவு உயரத்தில் விட்டிருக்கிறார்கள். கம்பத்தில் ஒரு தோட்டத்தில் பழம் வெட்டும்போது பக்கத்துத் தோட்டத்தில் கவாத்து, அதாவது கிளை வெட்டு, நடக்கும். ஆண்டு முழுக்கச் சந்தைக்குப் பழம் போகும். இங்கே ஊரே ஒரே தாளத்தில் நடக்கிறது. ஏப்ரலில் ஒரு கவாத்து, மழை ஓய்ந்து செப்டம்பர், அக்டோபரில் இன்னொன்று. காய்க்க விடுவது இரண்டாவதன் பிறகு மட்டும். ஐரோப்பாவில் பனிக்காலம் கொடியைத் தூங்கவைக்கிறது. இங்கே கொடிக்குத் தூக்கமே கிடையாது. கத்தரிக்கோல்தான் பருவத்தை உண்டாக்குகிறது.

ஒரு பழத்தைப் பிடுங்கிப் பிதுக்கினான். சிறிய மணி, தடித்த தோல். சாறு நிறமில்லாமல் வழிந்தது. "கறுப்புப் பழத்துக்கு வெள்ளைச் சாறா?" என்றேன், அவனைச் சோதிக்க. "சாயம் தோலில்தானே இருக்கும்" என்று தோலை மென்று நாக்கை நீட்டிக் காட்டினான். ஊதா. ஆலையில் நடப்பதும் அதுதான். வெள்ளை ஒயினுக்குப் பழத்தைப் பிழிந்து தோலை ஒதுக்குவார்கள். சிவப்புக்குத் தோலோடும் விதையோடும் ஒரு வாரம், பத்து நாள் நொதிக்க விடுவார்கள். நிறமும் துவர்ப்பும் இறங்குவது அப்போது. பிறகு விதையைக் கடித்துப் பார்த்தான். பழுப்பாகி, கடிக்கும்போது நொறுங்கினால் முதிர்ந்த பழம். பச்சையாக இருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். விவசாயி தலையசைத்தார். இன்னும் ஒரு வாரம் என்பது அவர் கணக்கு.

வரிசையின் அடியில் கிடந்ததைப் பார்த்ததும் மாப்பிள்ளை நின்றுவிட்டான். நல்ல கொத்துகளை, நிறம் மாறும் முன்பே வெட்டி மண்ணில் போட்டிருந்தார்கள். காய்ந்து சுருண்டு கிடந்தன. "யார் மச்சான் இப்படிச் செய்வது? விளைந்ததை வெட்டி எறிவதா?" அவனுக்கு மனசு ஆறவே இல்லை. ஏக்கருக்கு நான்கைந்து டன்னுக்கு மேல் விடக்கூடாது என்று ஆலைக்காரர்கள் சொல்லிவிட்டார்களாம். மிச்சக் கொத்துகளுக்குச் சத்து போய்ச் சேர வேண்டும் என்பது காரணம். அதிகம் காய்க்க விட்ட கொடியின் ஒயினில் நடு வாய் வெறுமையாக இருக்கும், நேற்றைய காபர்னே போல. டன்னுக்குக் காசு வாங்குகிற விவசாயிக்கு இந்த நியாயத்தைப் புரியவைப்பது எளிதல்ல. விலையைக் கூட்டிக் கொடுத்தால் மட்டும் புரியும்.

அவன் இன்னொன்றையும் கவனித்தான். கொடியின் கிழக்குப் பக்கத்தில் கொத்தை ஒட்டிய இலைகளைக் கிள்ளியிருந்தார்கள், மேற்கே அப்படியே விட்டிருந்தார்கள். காலை வெயில் பழத்தில் பட வேண்டும், மாலை வெயில் சுட்டுவிடக்கூடாது. "நேற்று குடைமிளகாய் வாடை என்று சொன்னீர்களே, இலைக் காட்டுக்குள் காய்த்த பழமாக இருக்கும்" என்றான். ஒரு சொட்டுக்கூட நாக்கில் வைக்காமல் சொல்கிறான்.

ஆலையில் அதிக நேரம் நிற்கவில்லை. எஃகுத் தொட்டிகள், 225 லிட்டர் ஓக் பீப்பாய்கள், ஈரத் தரை. எல்லா ஆலைகளும் ஒன்று போலத்தான் இருக்கின்றன. ஆனால் அந்தக் கடைசிப் புளிப்பைப் பற்றி அங்கிருந்தவரிடம் கேட்டேன். சூடான நாடுகளில் பழம் முதிரும்போது புளிப்பு இறங்கிவிடும். திராட்சையிலேயே உள்ள டார்டாரிக் அமிலத்தைக் கொஞ்சம் சேர்த்து ஈடுகட்டுவார்கள். உலகம் முழுக்க உள்ள வழக்கம், ஒளிக்க வேண்டியதில்லை. சரியாகச் சேர்ந்தால் தெரியாது; கூடினால் விழுங்கிய பிறகு நாக்கின் ஓரத்தில் தனியாக நிற்கும்.

இரவு குளிர்பெட்டியிலிருந்து பாட்டிலை எடுத்து அரை மணி வெளியே வைத்தேன். காற்று பட்ட ஒயின் மாறியிருக்கிறது. வெனிலா பின்வாங்கிவிட்டது. கோப்பையை மாப்பிள்ளையிடம் நீட்டி முகர்ந்து மட்டும் பார் என்றேன். தயங்கி முகர்ந்தான். "மிளகு" என்றான் உடனே. குமுளிக்குக் கீழே வளர்ந்தவன், அந்த வாசனையில் அவனை ஏமாற்ற முடியாது. ஷிராஸ் தோலில் ரோடண்டோன் என்று ஒரு பொருள் இருக்கிறது. மிளகின் வாசனைக்கும் அதுவே காரணம். 2008-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்துச் சொன்னது. ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசனை தெரியவே தெரியாது என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். ஒயின் விமர்சகர்களின் சண்டைகளுக்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு.

சனி, நாசிக்

காலையில் மிசல் என்ற காரமான பயறுக் குழம்பு. அதன் காரத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே வேண்டாம்.

மதியம் ஊருக்கு வெளியே ஒரு சாப்பாட்டுக் கடையிலிருந்து கருமசாலாவில் வேகவைத்த ஆட்டுக்கறியும் கம்பு ரொட்டியும் வாங்கிவந்து அறையில் சாப்பிட்டோம். உணவோடு சேர்க்காமல் சிவப்பு ஒயினை மதிப்பிடுவது அரைகுறை வேலை என்பது என் கட்சி. துவர்ப்பு தனியாகக் குடிக்கும்போது குற்றமாகத் தெரியும். கொழுப்பும் இறைச்சியும் அதைப் பற்றிக்கொள்ளும்போது வாய் சுத்தமாகும். கறித்துண்டோடு ஒரு வாய் குடித்தேன். துவர்ப்பு இறங்கிவிட்டது, மிளகு கறியின் மசாலாவோடு கைகோத்தது, நாவல்பழம் முன்னால் வந்தது. இந்த ஒயின் இத்தனை நல்லதா என்று தோன்றிய கணம் அதுதான்.

பிறகு குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு ஒரு வாய் குடித்தேன். நெருப்பு. மிளகாய்க் காரத்தின் மேல் சாராயம் பட்டால் எரிச்சல் இரண்டு மடங்காகும். பழம் காணாமல் போகும். இந்திய ஒயின் இந்திய உணவுக்குப் பொருந்தும் என்று விளம்பரங்கள் சொல்வதைப் பாதிதான் நம்பலாம். மிளகுக்குப் பொருந்தும், மிளகாய்க்குப் பொருந்தாது. செட்டிநாட்டு மிளகு வறுவல், மதுரைச் சுக்கா, சுட்ட கத்தரிக்காய், வெறுமனே வறுத்த நிலக்கடலை, இவற்றோடு வைத்துப் பார்க்கலாம். மீன் குழம்புப் பக்கமே போகக்கூடாது.

சாயங்காலம் ஒரு பரீட்சை வைத்தேன். அதே வட்டாரத்தில் விளைந்த, பீப்பாய் பார்க்காத, விலை குறைந்த இன்னொரு ஷிராஸ் வாங்கிவந்திருந்தேன். மாப்பிள்ளை இரண்டு பாட்டில்களையும் மராத்தி நாளிதழில் சுற்றி, எது எது என்று எனக்குத் தெரியாமல் புதிய கோப்பைகளில் ஊற்றினான். இடது கோப்பையில் பழம் பளிச்சென்று இருந்தது, மிளகு தெளிவாக, முடிவு சற்றே குட்டையாக. வலதில் புகையும் பருமனும் அதிகம், வாயில் நெடுநேரம் நின்றது, ஆனால் அந்தக் கடைசிப் புளிப்பு மறுபடியும். நான் இடதைத் தேர்ந்தெடுத்தேன். தாளை உரித்தான். இடதுதான் மலிவு.

இதில் எனக்கு வியப்பில்லை. ஓக் பீப்பாய் விலை அதிகம், அந்த விலையை வாங்குகிறவர் கண்டுபிடிக்க வேண்டுமே என்று மரவாசனையைத் தூக்கலாக விடுகிறார்கள். நல்ல தோல் நிறமுள்ள, காலை வெயில் கண்ட பழத்துக்கு அத்தனை அலங்காரம் தேவையில்லை. திண்டோரியில் பார்த்த கொத்துகளுக்கு நிச்சயம் தேவையில்லை.

ஞாயிறு, ரயிலுக்கு முன்

பாட்டிலில் மிச்சமிருந்த ஒரு கோப்பையை மதியம் ஊற்றினேன். பழம் போய்விட்டது. மரமும் புளிப்பும் மட்டும் தனித்தனியாக நிற்கின்றன. திறந்த மறுநாள் உச்சம், அதற்கு அடுத்த நாளின் மதியம் வரை தாக்குப்பிடித்தது, பிறகு சரிவு. பல ஆண்டு படுக்க வைக்கிற ஒயின் இது இல்லை. வாங்கிய இரண்டு, மூன்று ஆண்டுக்குள், திறப்பதற்கு முன் அரை மணி குளிர வைத்து, கறியோடு குடித்துவிட வேண்டும். நிறம், மிளகு, துவர்ப்பின் தரம் மூன்றிலும் குறையில்லை. புளிப்பு ஒட்டவில்லை. மரம் கூடுதல். ஆயிரம் ரூபாய்க்கு மறுபடி வாங்குவேனா என்றால், இல்லை. அதன் மலிவான உறவினரை வாங்குவேன். நம் ஊரில் வாங்குகிறவர்கள் பாட்டில் கடையில் எங்கே இருந்தது என்றும் பார்க்க வேண்டும். வெயில் விழும் அலமாரியில் ஒரு கோடையைக் கழித்த பாட்டிலில் நாசிக் குளிரின் தடயம் எதுவும் மிஞ்சாது.

காபர்னேயை நந்தி மலைப் பக்கம் ஒருமுறை ருசி பார்க்காமல் அதைப் பற்றி இறுதியாக எதுவும் சொல்வதாக இல்லை.

மாப்பிள்ளை நாசிக் சிவடா பொட்டலங்களைப் பையில் அடுக்கிக்கொண்டிருக்கிறான். கம்பத்தில் நாலு வரிசை ஷிராஸ் வைத்துப் பார்க்கலாமே என்றேன். "ஐப்பசி மழையை இங்கே யாராவது பிடித்து வைத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள் மச்சான், வைக்கிறேன்" என்றான்.